டவர் பாறையில் ஐந்து மணி

எங்கள் ஊரில் போன் பேச வேண்டுமென்றால் டவர் பாறைக்குத்தான் ஏற வேண்டும். கல்வராயன் மலையில் எத்தனையோ பாறைகள் இருந்தாலும், எங்களுக்கு சிக்னல் பிடித்துக் கொடுக்கிற பாறை அது ஒன்றுதான். 2012 ஆகஸ்டில் ஒரு நாள் முழுக்க நானும் என் தங்கை மகேஸ்வரியும் அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மகேஸ்வரி பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். சீட்டும் கிடைத்துவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்குள் இன்டர்நெட்டில் போய் ‘எனக்குச் சம்மதம்’ என்று அழுத்த வேண்டும். தவறினால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும். விஷயம் எங்களுக்குத் தெரிந்ததே முந்தின நாள்தான். காலை பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போய், பிரவீன்குமார் அண்ணனின் செல்போன் கடைக் கம்ப்யூட்டரில் அழுத்திவிடலாம் என்று கிளம்பினோம். மழையில் மலைப்பாதையில் மரம் சாய்ந்து பஸ் வரவில்லை.

“நடந்தே எறங்கிடலாம்ணா. குறுக்கால போனா ரெண்டு மணிக்கெல்லாம் கீழ போயி பஸ்ஸு புடிச்சிடலாம்” என்றாள்.

“இன்னாத்துக்கு நடக்கணும்? என் போன்லயே நெட்டு இருக்குது. பாறை மேல உக்காந்துக்கினே அமுக்கிடலாம், வா.”

பட்டன் போன்தான். ஆனால் எங்கள் ஊரில் நெட் வருகிற போன் என்னிடம் மட்டும்தான் இருந்தது. மூன்று மாதம் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்து வாங்கியது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

மகேஸ்வரியின் வாட்சில் மணி பதினொன்று ஆனபோது முதல் தடவை முயன்றோம். பக்கம் திறப்பதைக் காட்டும் கோடு பாதி வரை நகர்ந்து நின்றது. ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. மகேஸ்வரி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“பாதுகாப்பான இணைப்பு கெடைக்கலன்னு வருதுண்ணா.”

முரண்டு பிடிக்கிற போனுக்கு எங்கள் மலையில் ஒரே வைத்தியம்தான். பேட்டரியைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, திரும்ப மாட்டுவது. ஆன் பண்ணியதும் போன் தேதி கேட்கும். நான் படிக்காமலே ஓ.கே. அமுக்கித் தள்ளிவிடுவேன். அன்று காலையில் ஒரு தடவை கழற்றி மாட்டியபோதும் அப்படித்தான். சாமை அறுக்கிறவனுக்குப் போனில் தேதி எதற்கு?

மறுபடி முயன்றோம். மறுபடி அதே வாசகம். மறுபடி பேட்டரியைக் கழற்றினேன்.

ஒரு மணிக்கு ‘செக்யூரிட்டி’ என்ற இடத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளே வாயில் நுழையாத கம்பெனிப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் ஆன் பண்ணினேன், ஆஃப் பண்ணினேன். ஒன்றும் புரியவில்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. இரண்டரைக்குத் தூறல் பிடித்தது. உர மூட்டைச் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். போனில் சார்ஜ் இரண்டு கட்டைக்கு வந்துவிட்டது.

“பிரவீன் அண்ணனுக்குப் போன் போடுண்ணா” என்றாள் மகேஸ்வரி.

“சும்மா இரு. எனக்குத் தெரியும்.”

அவர் கடையில் போன் வாங்கிய அன்று எல்லாம் சொல்லித்தர வந்தார். எல்லாம் தெரியும் என்று பெரிய மனுஷன் போல் கையை அசைத்துவிட்டு வந்தவன் நான். இப்போது எந்த முகத்தோடு கேட்பது? என் தங்கையின் படிப்பு போகப் போகிறது, எனக்கு என் முகம் பெரிதாக இருந்தது. சொல்லவே கூசுகிறது.

நாலே காலுக்கு அவள் அழுதாள். சத்தமில்லாமல் அழவில்லை, வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவளே நம்பரைப் போட்டாள். நாலாவது தடவைதான் லைன் கிடைத்தது.

“அண்ணா, நான் ராஜேஷ்குமார் தங்கச்சி. உங்க கம்ப்யூட்டர்ல எனக்கு ஒண்ணு அமுக்கணும்ணா, அஞ்சு மணிக்குள்ள.”

“கரண்டு இல்லியேம்மா. ஆறு மணிக்குத்தான் வரும். டவுன் பூரா இல்ல” என்றார் பிரவீன்குமார். “போன்ல இன்னா காட்டுது? அண்ணன் கைல குடு.”

நான் வாங்கிச் சொன்னேன். ஒரு நொடி யோசித்தார்.

“தேதி இன்னா காட்டுது பாரு.”

பார்த்தேன். “ரெண்டாயிரத்தி நாலு, சனவரி ஒண்ணு.”

“பேட்டரிய கழட்டினியா?”

“ஆமாண்ணா.”

“எத்தினி வாட்டி?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழெட்டு வாட்டி இருக்கும்.

“டேய், கழட்டினா தேதி பழசுக்குப் போயிடும்டா அந்தப் போன்ல. அந்த சைட்டு காட்டற அத்தாட்சி இந்த வருஷத்துது. உன் போனு இன்னும் ரெண்டாயிரத்தி நாலுல குந்திக்கினு இருக்குது. எட்டு வருஷம் கழிச்சி வரப்போறத அது எப்பிடிடா நம்பும்? இப்ப மணி நாலு முப்பத்தாறு. தேதியும் நேரமும் சரியா வச்சிட்டுப் போடு. சீக்கிரம்!”

அவ்வளவுதான் விஷயம். ஓ.கே. அமுக்காமல் நாலு எண்ணைத் தட்டியிருந்தால் பதினோரு மணிக்கே முடிந்திருக்கும். தேதியையும் நேரத்தையும் வைத்தேன். பக்கத்தைத் தட்டினேன். கோடு நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்தது.

“தொறந்துடுச்சிண்ணா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்போது மணி நாலு நாற்பத்தெட்டு.

அவள் பதிவு எண்ணைத் தட்டினாள். ஒரே பட்டனை மூன்று மூன்று தடவை அமுக்கிப் பாஸ்வேர்டைத் தட்டினாள். தப்பு என்று வந்தது. பெரிய எழுத்தில் விழுந்திருந்தது. திரும்பவும் முதலிலிருந்து. மேகம் இறங்கி எதிர்மலை மறைந்துவிட்டது; சிக்னல் ஒரு புள்ளியில் நின்று நின்று வந்தது. நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். முருகனை வேண்டினேன், மாரியம்மனை வேண்டினேன், போனையே வேண்டினேன். கோடு எறும்பு போல ஊர்ந்தது. நாலு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. நான் அதற்குமேல் நேரத்தைப் பார்க்கவில்லை.

பக்கம் வந்தது. மகேஸ்வரி போனை வாங்கி ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

“மணி அஞ்சு தாண்டிடுச்சாம்ணா. எனக்கு விருப்பம் இல்லன்னு நானே சீட்ட விட்டுக் குடுத்துட்டனாம். அப்பிடித்தான் எழுதியிருக்குது.”

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கா விருப்பம் இல்ல?” என்று அந்தப் போனைக் கேட்டாள்.