தொப்பி கழற்றிய இடம்

அன்றைக்குக் குவேக்கர்களின் கூட்ட வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். ஆண்கள் பக்கம், அடுப்புக்குக் கை எட்டும் தூரத்தில் ஈனாஸ் ஹோக், தலையில் தொப்பியோடு. அவனுக்குப் பின்னால் கேனி சகோதரர்கள் இரண்டு பேரும், செத்துப்போன அப்பாவுக்காக நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு. பெண்கள் பக்கம், ஜன்னலோரம், காலுக்கடியில் தணல் பெட்டியை வைத்துக்கொண்டு பீபி எஸ்டஸ். அவளுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி, பாஸ்டனிலிருந்து வந்திருந்த வக்கீல் லோரிங். ஆண்கள் பக்கம் எது, பெண்கள் பக்கம் எது என்று தெரியாமல், கண்ணில் பட்ட பெஞ்சில் அவர் உட்கார்ந்துவிட்டார். யாரும் எழுப்பவில்லை. எல்லோரையும் பார்த்தபடி முன்னால் போட்டிருந்த உயரப் பெஞ்சில், சின்ன மேஜைக்குப் பின்னால், சபையின் எழுத்தர் ஹல்டா மீடர்.

ஹல்டாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு மேல் படிப்பு இல்லை. ஆனால் கடிதம் எழுதுவதில் அவளுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. மை உறைந்துபோகாமல் இருக்கப் புட்டியை அடுப்பு மேல் காட்டி எடுத்து வருவாள். பேனா முனையைத் துணியில் துடைப்பாள். தாளின் ஓரத்தை மேஜையின் ஓரத்தோடு ஒட்ட வைப்பாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பாள். அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

எழுத வேண்டியது என்னவோ மூன்று வரிதான். ஊருக்கு வடக்கே குளத்துக்கு மேல் நிற்கும் குன்று, அமாஸா பீஸ்லியின் பாட்டால் நாடு முழுக்கப் பெயர் பெற்ற குன்று, இப்போது ஒஹையோவில் இருக்கும் வாரிசுகளுக்குச் சொந்தம். அவர்களில் ஒருவர்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மரக்கம்பெனிக்காரர்கள் வந்து விலை பேசிவிட்டு, அடிவாரத்துப் பைன் மரங்களில் சிவப்புச் சாயமும் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். பனி விழுந்து இறுகி, கட்டைகளைச் சறுக்கிக்கொண்டு போக வழி ஆனதும் வெட்டு ஆரம்பம். இந்தச் சமயத்தில்தான் பாஸ்டனில் கரோலைன் லாத்ரப் என்ற சீமாட்டி, குன்றைத் தானே வாங்கி, ஒரு மரத்தையும் தொடாமல், கவிஞரின் நினைவாக அப்படியே விட்டுவைப்பதாகச் சொல்லி வக்கீலை அனுப்பியிருந்தாள். உச்சியில் 'கவிஞர் கல்' என்று எல்லோரும் சொல்கிற பாறையில் அவர் உட்கார்ந்துதான் பாட்டில் வரும் காட்சியைப் பார்த்தார் என்று நண்பர்கள் சபை, அதாவது ஊர்க் குவேக்கர்கள், எழுதித் தர வேண்டும். அது ஒன்றுதான் அவள் கேட்டது. சத்தியப் பத்திரம் வேண்டாம், குவேக்கர்கள் சொன்னால் அதுவே போதும் என்று அவளே எழுதியிருந்தாள்.

நண்பர்கள் யாருக்கும் சிலை வைப்பதில்லை. எந்தத் தனி ஆளையும் 'நீங்கள்' என்பதும் இல்லை, எல்லோருக்கும் 'நீ'தான். பீஸ்லியின் கல்லறைக் கல்லே முழங்கால் உயரம்தான். பேரும் வருஷமும் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. போன மாதம் இந்தப் பேச்சு வந்தபோது, ஒருவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பலாமா என்று பீபி தயங்கினாள். "மலையை நாமளா எழுப்புறோம்? அது நமக்கு முன்னாடியே நிக்குது" என்று ஈனாஸ் சொன்னதும் எல்லோருக்கும் சரி என்று பட்டது.

ஈனாஸுக்கு அந்தக் குன்றின் மேல் தனி உரிமை உண்டு. உச்சியில் புதர் மண்டாமல் இருப்பதே அவனுடைய ஆடுகளால்தான். கோடையில் பாட்டைப் படித்துவிட்டு வருகிறவர்களை மேலே கூட்டிக்கொண்டு போவதும் அவன்தான். கல்லை அவன் காட்டுவான். அவர்கள் ஒவ்வொருவராக அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டு இறங்குவார்கள்.

வழக்கமான மௌனம் முடிந்து, வக்கீல் விஷயத்தைச் சொன்னார். மறுபடியும் மௌனம். நண்பர்கள் கூட்டத்தில் ஓட்டு எடுப்பது கிடையாது. ஒருத்தருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் காரியம் அங்கேயே நிற்கும். எல்லோர் மனசும் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வாசிப்பது எழுத்தரின் வேலை. அவள் தன் பக்கத்தைப் பேசக்கூடாது. ஹல்டா பேனாவை மையில் தோய்த்தாள். "சபைக்கு இது உண்மை என்று தெரியும்" என்று எழுதினால் ஆறு பேரில் ஐந்து பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அவள் சமையலறை ஜன்னலில் குன்று அப்படியே நிற்கும். மை காய்ந்தது. அவள் எழுந்தாள்.

"ரூபன் கேனி, நீ வந்து மேஜையில உட்காரு. நான் கொஞ்சம் பேசணும்."

"நானா?" என்றான் பெரிய கேனி. அந்தச் சபையில் அவன் குரலைக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

"நீதான். ஒண்ணும் எழுத வேண்டாம். உட்கார்ந்திரு, போதும்."

அவள் படி இறங்கிப் பெண்கள் பக்கம் வந்து, வக்கீல் இருந்த பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அமாஸா அந்தக் கல்லுல உட்காரலை. அந்த மலைமேல அவன் ஏறினதே இல்லை."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவனுக்கு மூச்சு முட்டும். அது உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா எவ்வளவுன்னு தெரியாது. ஆப்பிள் தோட்டத்து வேலி வரைக்கும் நடந்துட்டு வந்தாலே திண்டாடிப் போவான். நான் அந்த வீட்டுல ஏழு வருஷம் வேலை பார்த்தேன். மாடு ஓட்டிட்டு மேல போனது நான்."

அவள் நிறுத்தினாள். சொல்ல வேண்டியதை இத்தனை காலமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க நினைத்ததும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் தாய் தகப்பன் இல்லாமல் அந்த வீட்டுக்கு அவள் வேலைக்கு வந்தாள். பீஸ்லிக்கு அப்போது முப்பத்துநான்கோ ஐந்தோ. சாயங்காலம் மாடுகளை இறக்கிக்கொண்டு வரும்போது வேலிப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். பத்திரிகைக்காகக் காத்திருக்கிற ஆள் மாதிரி, கொஞ்சம் எரிச்சலோடு. "மேல என்ன இருந்துச்சு?" என்பார். முதல் நாள் அவள் "மாடுங்கதான்" என்றாள். அவர் நகரவில்லை. அடுத்த நாளும் கேட்டார். அழகாக இருந்தது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "அழகுன்னா எனக்கு என்ன தெரியும்? நான் இங்கல்ல நிக்கிறேன்?" என்பார். அதனால் அவள் பார்க்க ஆரம்பித்தாள். குளத்தின் மேல் வெளிச்சம் கிழக்குக் கரையை விட்டுக் கடைசியாகப் போகிறது. மழைக்கு முன்னால் தண்ணீர் ஈயத் தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. கூட்டத்தோடு சேராமல் ஒரு பசு மட்டும் காற்றுக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொன்றையும் அவள் கீழே கொண்டுவந்து சேர்த்தாள், பால் செம்பைத் தளும்பாமல் கொண்டுவருகிற மாதிரி.

"பாட்டு அவன் எழுதினது. என்னால ஒரு வரி எழுத முடியாது. அதுல எனக்குப் பங்கு எதுவும் கேக்கலை" என்றாள். "ஆனா என்னை யாரும் அதுக்கு முன்னாடி எதையும் கேட்டதில்லை. இதைத் தூக்கு, அதைக் கழுவுன்னு சொல்லுவாங்க. என்ன பார்த்தேன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. அவன் கேட்டான். என் புருஷன் நேதன் செத்துப்போன அந்தக் குளிர்காலத்துலகூடச் சாயங்காலம் ஆனா ஜன்னல் கிட்டப் போய் நிப்பேன். பார்க்கிறதுக்கு ஏதாவது இருக்கும். அவன் எனக்கு விட்டுட்டுப் போனது அதுதான். அவன் போகாத இடத்துக்குப் போனான்னு எழுதி அந்தக் கடனை அடைக்க எனக்கு மனசு வரலை."

ஈனாஸின் முகம் சுருங்கிப்போயிருந்தது. "நான் பொய் சொல்லலை" என்றான். "அவன் இங்க உட்கார்ந்தான்னு ஒருநாளும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. இந்த மலையில உட்கார்றதுக்கு இதைவிட நல்ல கல்லு கிடையாதுன்னு சொல்லுவேன். அது நிஜம். நான் உட்கார்ந்து பார்த்திருக்கேன்."

"நீ சொல்லலை, ஈனாஸ்" என்றாள் பீபி. "தொப்பியைக் கழட்டினே."

"வேர்க்காதா? அவ்வளவு தூரம் ஏறிட்டு வந்தா?"

"ராஜாவே வந்தாலும் குவேக்கர் தொப்பியைக் கழட்ட மாட்டான்னு அவங்க படிச்சிட்டு வர்றாங்க. நீ போய் ஒரு கல்லு முன்னாடி கழட்டுறே. அப்புறம் அவங்க என்ன நினைப்பாங்க, வேர்வையைத் துடைக்கிறான்னா?"

சின்ன கேனி சிரிப்பை அடக்கப் பார்த்து, இருமினான். ஈனாஸ் யாரையும் பார்க்கவில்லை. "மொதல் தடவை வேர்வைக்குத்தான் கழட்டினேன்" என்றான் கடைசியில். "அப்புறம்... அவங்க முகம் மாறினதைப் பார்த்தேன். நல்லாயிருந்துச்சு."

வக்கீல் லோரிங் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர். காலையில் அவரே உச்சிவரை ஏறிவிட்டு வந்திருந்தார். காலணியில் ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது. "இதெல்லாம் என் காதுல விழலைன்னு வச்சுக்கலாம்" என்றார். "எனக்கும் அந்த மரங்க நிக்கணும். லாத்ரப் அம்மாவுக்குக் கல்லு மேலதான் ஆசை, கல்லு இல்லைன்னா வாங்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. 'இந்தக் கல், அமாஸா பீஸ்லியின் பேரோடு சேர்த்தே ஊரில் பேசப்படுகிறது.' இப்படி ஒரு வரி எழுதுங்க. அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாதே."

"ஈனாஸ், உனக்கு பாஸ்டன்ல கூடப்பிறந்தவன் இருக்கான்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்றாள் பீபி.

இந்தத் தடவை வக்கீலே சிரித்துவிட்டார். அப்புறம் மௌனம் வந்தது. எல்லோரும் அதற்குள் இறங்கினார்கள். ஜன்னலில் குன்றின் அடிவாரம் மட்டும் தெரிந்தது. இந்தத் தூரத்தில் சிவப்புச் சாயம் தெரியாது, ஆனால் எந்தெந்த மரம் என்று ஹல்டாவுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தாள். மரம் என்ன பாவம் செய்தது? யார் உட்கார்ந்தார், யார் உட்காரவில்லை என்று அதற்குத் தெரியுமா? குளத்தின் கிழக்குக் கரை மொட்டையாகக் கிடப்பதை மனதில் கொண்டுவந்து பார்த்தாள்.  இருந்தும் எழுந்துபோய் வேறு மாதிரி சொல்ல அவளால் முடியாது என்றும் தெரிந்தது.

ஈனாஸ்தான் முதலில் எழுந்தான். கூட்டத்தில் பேசுவதற்கு எழுகிற மாதிரி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"ஹல்டா சொன்னபடி எழுதட்டும்" என்றான். "என் தொப்பியையும் சேர்த்து எழுது. அதை விட்டுட்டா பாஸ்டன்ல நம்ப மாட்டாங்க. இவ்வளவு பேரு எப்படி நம்பினாங்கன்னு கேப்பாங்க இல்ல?"

"எனக்கும் அதுதான் சரின்னு படுது" என்றாள் பீபி, சிரிக்காமல்.

சின்ன கேனி தலையசைத்தான். மேஜைக்குப் பின்னால் ரூபன், "எனக்கும்" என்றான். அன்றைக்கு அது அவனுடைய இரண்டாவது பேச்சு.

ஹல்டா மேலே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். தாளை மறுபடி மேஜையின் ஓரத்தோடு ஒட்ட வைத்தாள். எழுதி முடித்ததும், வழக்கப்படி எழுந்து நின்று வாசித்தாள்.

"கரோலைன் லாத்ரப், அன்புள்ள நண்பரே. நீ கேட்டிருந்த கல்லில் அமாஸா பீஸ்லி உட்கார்ந்ததில்லை. அவர் அந்தக் குன்றின் மேல் ஏறியதும் இல்லை. அவருடைய நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. எங்களில் ஒருவரான ஈனாஸ் ஹோக், வெயிலில் அங்கே தொப்பியைக் கழற்றியதை, வந்தவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். அவர் அதைத் திருத்தாமல் விட்டதற்கு வருந்துகிறார். அமாஸா தன் வீட்டு வேலியோரம் நின்று, மாடு ஓட்டிக்கொண்டு போய் வந்த பெண்ணிடம் மேலே என்ன இருந்தது என்று தினமும் கேட்டார். அந்தப் பெண் நான். பாட்டு முழுக்க அவருடையது. கேட்டதற்கு நான் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். உன் மனம் எப்படிச் சொன்னாலும் உனக்கும் எங்கள் நன்றி."

"அவ்வளவுதானா?" என்றாள் பீபி.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு." ஹல்டா தாளைத் திருப்பினாள். "இன்று காலை மேலே போயிருந்தேன். குளத்தின் ஓரம் மட்டும் உறைந்திருக்கிறது, நடுவில் தண்ணீர் இன்னும் கறுப்பு. வாத்துகள் போய்விட்டன, ஒன்று மட்டும் பாக்கி. சாயம் பூசிய மரங்களுக்கு நடுவே ஒரு மான் நடந்து போனது, அதன் முதுகு மரத்தின் நிறம், அது நின்றபோது என் கண்ணுக்குத் தெரியவில்லை."

"அவ இதைக் கேக்கலையே."

"கேக்கலை."

"பின்ன எதுக்கு?"

"அவ பாஸ்டன்லல்ல இருக்கா? அங்கேருந்து எப்படித் தெரியும்?"

ரூபன் மெழுகை அடுப்பில் காட்டி உருக்கிக் கொடுத்தான். சபைக்கு முத்திரை கிடையாது. பீபி பையிலிருந்து தன் தையல் விரலுறையை எடுத்துக் கொடுத்தாள். ஹல்டா அதை மெழுகில் வைத்து அழுத்தினாள். சின்னச் சின்னக் குழிகளாகப் பதிந்தது. வக்கீல் கடிதத்தை வாங்கிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, "நான் பிரிச்சுப் பார்க்க மாட்டேன்" என்றார்.

"உன் முன்னாடிதானே வாசிச்சேன், தியோடர் லோரிங். போ, ரயிலைத் தவற விட்டுடாதே."

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். வண்டி கிளம்பியபோது குளிர்காற்று வடக்கிலிருந்து பலமாக வீசிக்கொண்டிருந்தது. குன்றின் உச்சியில் மட்டும் இன்னும் வெயில் மிச்சம், அதில் ஈனாஸின் ஆடுகள் உப்புக் கற்கள் மாதிரி. வளைவுக்கு முன்னால் வக்கீல் வண்டியை நிறுத்தி, எழுந்து நின்று, அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இவர்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். ஈனாஸின் கை தானாகத் தன் தொப்பிக்குப் போனது. தொப்பியைக் கழற்றாமல் அங்கேயே இறுக்கி அழுத்திக்கொண்டு, இன்னொரு கையையும் அதன் மேல் வைத்து, காற்று வரும் பக்கம் பார்த்தபடி, வண்டி கண்ணுக்கு மறையும்வரை அப்படியே நின்றான்.