அண்ணி அனுப்பிய பூஜ்யம்

ஒரே கணினிக்குள் இருபது கணினிகளை ஓடவிடும் மென்பொருளைச் செய்யும் கம்பெனி அது. ஒரே வீட்டில் இருபது குடித்தனம் மாதிரி. ஒருவர் என்ன ஆட்டம் போட்டாலும் மற்றவர் வீட்டு விளக்கு அணையக் கூடாது. அதை எழுதும் பிரிவில் நாத்தனார் இருந்தாள். உடைத்துப் பார்க்கும் சோதனைப் பிரிவில் அவளுடைய அண்ணி இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணிக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. உள்ளே ஓடும் இருபதில் ஒரு குட்டிக் கணினியிலிருந்து அதன் ஒலி அட்டைக்கு, அதுவும் மென்பொருளாய் எழுதியதுதான், வேகம் பூஜ்யம் என்று கட்டளை அனுப்பினாள். தாங்கி நின்ற நிஜக் கணினி எதையோ அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் போய்ப் படுத்துவிட்டது. கூடவே இருபதும் படுத்தன.

கிளப்பிவிட்டு மறுபடி அனுப்பினாள். மறுபடி படுத்தது. மூன்றாம் தடவை, சிரிப்பை அடக்கப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டாள். பிறகு நேரே நாத்தனாரிடம் போனாள்.

"உன் ஒலி அட்டை இருபதையும் சேத்துச் சாய்ச்சிடுச்சு."

"அது நான் எழுதினது அண்ணி. ஓட்டை இருக்க சான்ஸே இல்ல. உங்க மெஷின்தான் கிழடு."

"அப்ப உன் மெஷின்ல பாக்கலாமா?"

"தாராளமா."

நாத்தனார் வேலை பார்ப்பதே ஆபீஸ் முழுவதையும் நடத்தும் சர்வருக்குள் ஓடும் ஒரு குட்டிக் கணினியில்தான் என்பது அந்த நிமிடம் இருவருக்குமே உறைக்கவில்லை. அண்ணி பூஜ்யத்தைத் தட்டினாள். திரை உறைந்தது. பக்கத்து மேசைகள் உறைந்தன. தொலைபேசிகள் ஊமையாயின. அட்டை காட்டித் திறக்கும் கண்ணாடிக் கதவு அசையவில்லை. அதற்கு வெளியே மேலாளர், மென்பொருள் வாங்க வந்த ஓர் அம்மாளோடு நின்றிருந்தார். "எங்க சாஃப்ட்வேர் அசையவே அசையாதுங்க" என்று அப்போதுதான் சொல்லி முடித்தாராம்.

நாத்தனாரின் முகம் வெளுத்தது. அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் கன்னம் துடித்தது. அவ்வளவுதான். இருவரும் மேசைக்கடியில் குனிந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சர்வரைக் கிளப்பிக் கதவு திறக்க ஆறு நிமிடமானது.

"யார் வேலை இது?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார் அனுப்பினேன். எழுதினது இவ."

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் வந்த அம்மாள் குறுக்கிட்டார். "எங்ககிட்ட அறுநூறு மெஷின் ஓடுது. வாங்கினப்புறம் எவனாவது இதைச் செஞ்சிருந்தா எங்க கதி என்ன? ஒரு நாற்காலி போடுங்க. பூஜ்யம் அனுப்பின பொண்ணுகிட்ட நான் பேசணும்."

மேலாளரே நாற்காலியைத் தூக்கி வந்தார்.

நாத்தனார் இரண்டே வரி சேர்த்தாள்: பூஜ்யம் வந்தால் வாங்காதே, திருப்பி அனுப்பு. மூன்று மணிக்கு, தனியாக வைத்த ஒரு கணினியில் அண்ணி மறுபடி தட்டினாள். ஒன்று மட்டும் முணுமுணுத்துப் பிழை காட்டியது. மற்ற பத்தொன்பதும் ஓடின. சாயங்காலத்துக்குள் எல்லா வாடிக்கையாளருக்கும் திருத்தம் போய்ச் சேர்ந்தது.

"ஏன் அண்ணி மூஞ்சி தொங்குது?"

"இப்ப சாக மாட்டேங்குதே. ஆமா, நெட்வொர்க் அட்டையை எழுதினது யாரு?"

"அதுவும் நான்தான்." நாத்தனார் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "மைனஸ் ஒண்ணு அனுப்பிப் பாருங்க. எனக்கே ஆசையா இருக்கு."