சுகுமாரன் கேட்டு வாங்கிய கோடு

சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டும் சுகுமாரனுக்கு எந்தக் கோவிட் பரிசோதனைக் கிட்டிலும், தொற்று உண்டு என்னும் இரண்டு கோடுதான் விழும். தும்மல்கூட வராத ஆள். மூக்கில் குச்சி விடவே வேண்டாம். அவர் கை பட்ட பொட்டலத்தைப் பிரித்துவைத்தாலே போதும், இரண்டும் விழும்.

அவராகக் கேட்டு வாங்கியதுதான். தொற்று உச்சத்திலிருந்த ஆண்டு, அவர் மனைவி ஷாமினி வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையில் பெண்களுக்கு வரிசையாகக் கோடு விழுந்தது. ஊர் அப்போது நோயைவிடக் கோட்டுக்குத்தான் பயந்தது. விழுந்தால் பஸ்ஸில் ஏற்றித் தனிமை முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ரப்பர் போய் செம்பனை வந்த பழைய தோட்டத்தில், பூட்டிக்கிடந்த மாரியம்மன் கோயில் கேட்டில், சுகுமாரன் மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டினார். "ஆத்தா, அவளுக்கு ரெண்டு கோடு விழக்கூடாது. விழுந்தா எனக்கு விழட்டும்." நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்? இல்லை. ஆத்தாவும் கேட்டதை மட்டும் கொடுத்தாள்.

அந்த வாரமே ஷாமினிக்குக் காய்ச்சல் கொதித்தது. கிளினிக்கில் ஒரே கோடு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சோதனையும் தொற்று இல்லை என்றது. பனடோல் காய்ச்சல் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடப் போன சுகுமாரனுக்கு இரண்டு கோடு; கைப்பட்டை மாட்டி முகாமில் படுக்கவைத்தார்கள்.

"எனக்கு ஒன்னுமே இல்லம்மா, அவளப் போய் பாருங்க!" என்று கத்தினார்.

"அவங்க நெகட்டிவ் லா அண்ணே. நீங்கதான் நோயாளி," என்றாள் தாதி.

போனில் ஷாமினிக்கு மூச்சு இரைத்தது. "சாமி கைவிடலங்க, எனக்கு ஒரு கோடுதான்," என்றாள். தான் கேட்டது கோட்டை மட்டும்தான் என்று சுகுமாரனுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டியவன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தால்தான் வேண்டுதல் திரும்பும் என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். முகாம் வாசலில் காவல். கெஞ்சினார், அழுதார், யார் விடுவார்கள்?

அவள் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். தொற்று இல்லாத உடல் என்பதால் முகத்தை மூடவில்லை. அக்கம்பக்கம் தொட்டு அழுதது. பார்க்க அனுமதி இல்லாதவர் புருஷன் மட்டுமே.

வெளியே வந்தவர் நேரே கோயிலுக்குப் போய் முடிச்சில் கை வைத்தார். இனி அவிழ்த்து யாருக்கு என்று விட்டுவிட்டார்.

இப்போது கிட்டெல்லாம் கடையில் தூசி படிந்து கிடக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் சுகுமாரன் ஒன்றைப் பிரித்து ஷாமினியின் படத்தடியில் வைப்பார். முதல் கோடு விழும். இரண்டாவது, அவளுக்கு விழ வேண்டியது, மெதுவாகச் சிவக்கும்.

"அக்கா வந்துட்டாங்களா அண்ணே?" என்று பக்கத்து வீட்டு சரளா கேட்பாள்.

"வந்துட்டா," என்பார். சரளா இரண்டு பேருக்கும் தேநீர் வைத்துவிட்டுப் போவாள்.