டம்ளர் வட்டம்

...நடுங்கட்டுமே, நடுங்கினால் என்ன இப்போது, கை என்று ஒன்று இருந்தால் அது கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும், தர்மபுரி ஜில்லாவில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டது இந்தக் கைதான், மீதிப் பாதி இந்தக் கைக்குப் பயந்து எல்லை தாண்டி ஓடிப்போய்க் கன்னடம் பேசிக்கொண்டிருக்கிறது, அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு திருகாணி பெரிய விஷயமா... என்று நினைத்து முடிப்பதற்குள் லூர்துமேரியின் விரல்களிலிருந்து திருகாணி முடுக்கும் எல் கீ மறுபடியும் நழுவி மேசைக்கடியில் விழுந்தது. விழட்டும். குனிந்து எடுத்தாள். குனிய முடிகிறதே, அதைச் சொல்ல மாட்டான் மகன் சவுரி, விழுந்ததை மட்டும் சொல்வான். இண்டூர் வீட்டின் பின்பக்கம், தகரக் கூரையடியில், பழைய மேசைமேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, சேலத்துக் கடையில் ஆதார் நகல் கொடுத்து வாங்கி வந்த ஏர் கன்னுக்குக் காலையிலிருந்து குறிபார்க்கும் ஸ்கோப் மாட்டிக்கொண்டிருக்கிறாள், கவர்மென்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், பென்ஷன்காரி, புருஷனை இழந்தவள், இன்னும் என்னென்னவோ சொல்வார்கள், துப்பாக்கிக்காரி என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை, இன்று முதல் சொல்லட்டும். பேரனுக்குங்களாம்மா என்று கேட்டார் கடைக்காரர். எனக்குத்தாங்க. குரங்குத் தொல்லைங்களா? குரங்கெல்லாம் என்னப் பாத்தா வரிசையில நின்னு கைய நீட்டுமுங்க ஊசிக்கு, இது தாள்ல சுடுறதுக்கு. அந்த மனுஷன் அவசர அவசரமாகப் பில் போட்டுக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்து என்.சி.சி. முகாமில் ஒரே ஒரு நாள் தோளில் துப்பாக்கியை வைத்தார்கள், ஒரே ஒரு முறை சுடவிட்டார்கள், அடுத்த பெண்ணுக்குக் கொடு என்று பிடுங்கிக்கொண்டார்கள், அந்த இரண்டாவது குண்டு இத்தனை வருஷமாக உள்ளேயே கிடக்கிறது... அதை இப்போது சுடாமல் எப்போது சுடுவது, கல்லறைக்குள்ளா? அதுவும் ஸ்கோப் வைத்து. மாட்டுவது என்றால் சும்மாவா, துப்பாக்கியின் முதுகில் இரண்டு வளையம், வளையத்துக்குள் ஸ்கோப், முதலில் ரொம்பப் பின்னால் வைத்துவிட்டாள், கண்ணை வைத்தால் உலகம் முழுக்க இருட்டு, நடுவில் மட்டும் பட்டாணி அளவு வெளிச்சம், சரிதான், சவுரி என் எதிர்காலத்தை இப்படித்தான் பார்க்கிறான் போல என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு முன்னால் தள்ளினாள், தள்ளத் தள்ள வெளிச்சம் விரிந்து ஓரிடத்தில் முழு வட்டமாய் நின்றது. இனி உள்ளே தெரியும் கூட்டல் குறி சாயாமல் நிற்க வேண்டும், அதை ஒப்பிட ஒரு நேர்கோடு வேண்டும், இந்த வீட்டில் எந்தச் சுவர் நேராக இருக்கிறது, கட்டிய மேஸ்திரியே நேராக நின்று அவள் பார்த்ததில்லை, ஆகவே காலி சலைன் பாட்டிலில் தண்ணீர் ரொப்பி நூலில் கட்டி மாமரக் கிளையில் தொங்கவிட்டாள். இலைகூட அசையாத பகல். நூல் செங்குத்தாக நின்றது. அதோடு கூட்டல் குறியைப் பொருத்தி, நான்கு திருகாணியையும் மாற்றி மாற்றி இறுக்கினாள், யார் சொன்னது இந்தக் கையால் முடியாதென்று, நேரம் ஆகும், அவ்வளவுதான், நேரம் யாருக்கு இல்லை, ஓசூர்க்காரனுக்குத்தான் இல்லை.

ஓசூர்க்காரன் முன்னறையில் உட்கார்ந்திருந்தான், அவள் பெற்றது, ஒற்றைப் பிள்ளை, சவுரியப்பன், அவளுடைய அப்பாவின் பெயர். ஓசூரில் ஃபேக்டரி வேலை, மூன்றாவது மாடியில் வீடு, அங்கே அவளுக்கென்று ஜன்னல் வைத்த அறை ஒன்று தயாராம். அந்த ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், எதிர்வீட்டு ஜன்னல் தெரியும். காரின் பின்னால் பாத்திரம் பண்டம் அடுக்கக் காலித் தக்காளிப் பிளாஸ்டிக் கிரேடுகளை வேறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், அம்மாவையும் அதில் ஒன்றில் உட்கார வைத்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிற மாதிரி! எல்லாம் அந்தக் கஞ்சிச் சட்டியால் வந்த வினை, கை ஒரு ஆட்டம் ஆடியது, சட்டி சரிந்தது, கால்மேல் நாலு சொட்டு, நாலே நாலு சொட்டு, பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி போனில் அதை மேட்டூர் அணை திறந்த கணக்காகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் போன், கை எப்படிம்மா இருக்குது, ரெண்டு கையிலயுமா, எந்த வயசுலம்மா ஆரம்பிச்சது, தாத்தாவுக்கும் இருந்துச்சா, போலீஸ்காரன் தோற்றான். இருந்தது, அவருக்கும் இருந்தது, அதற்கென்ன, அந்தக் கையோடுதான் அவர் கிணறு வெட்டினார்... காலையில் வந்ததும் கொடுத்த காபியை மேசையிலேயே வைத்துக் குனிந்து உறிஞ்சிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான், சாயந்தரம் கெளம்பறோம்மா. அப்போதுதான் அவள் அந்த டம்ளரைக் கவிழ்த்து, ஒரு தாளில் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தாள். "டே, பின்பக்கச் செவுத்துல மணல் மூட்ட சாத்தி இதை ஒட்டுறேன். கூரையடியிலருந்து அஞ்சு குண்டு. அஞ்சும் டம்ளர் வட்டத்துக்குள்ள போச்சுன்னா ஓசூர்ங்கற பேச்ச நீ எடுக்கக் கூடாது. போகலன்னா நானே கிரேடுல ஏறி உக்காந்துக்கறேன்." அவன் சிரித்தான், அவள் கையைப் பார்த்தான், சரிம்மா என்றான். அந்தச் சரியில் இருந்த இரக்கத்தை அப்படியே ஒரு பாட்டிலில் பிடித்துத் திருப்பி அவனுக்கே ஏற்றலாம் போல இருந்தது.

"நர்சம்மா, கேமராங்களா அது?" காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து பாஞ்சாலியின் தலை. துரோகி. பத்து முழம் நாக்கு. "தூரத்துல இருக்கற கோள்மூட்டிங்களக் கிட்டக் காட்டுற கண்ணாடி, மொதல்ல வா இந்தப் பக்கம், சாட்சிக்கு ஆள் வேணும்" என்றாள், சுவரோரம் யாரும் நிற்கக் கூடாது என்று அவளைக் கூரையடியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள், சவுரியையும் பின்வாசல் படிக்கு வரவழைத்தாள். "ஏன்டா சவுரி, உங்கம்மா உனக்கு அண்ணன் மாதிரியில்ல இருக்கறாங்க" என்றாள் பாஞ்சாலி. அவன் கைகளை அக்குளுக்குள் கட்டிக்கொண்டு நின்றான், நீதிபதி. அஞ்சு சுட்டுப் பழகிக்கறேன், அப்புறந்தான் பந்தயம் என்றாள். குழலை மடக்கினால்தான் உள்ளே ஸ்பிரிங் இறுகும், அதற்கு எருமை மாட்டுப் பலம் வேண்டும், முட்டியில் கொடுத்து மடக்கினாள், பார்த்துக்கொள் என்று படிப் பக்கம் ஒரு பார்வை, உளுந்து அளவு ஈயக் குண்டை நுழைத்தாள், பழைய தலையணை உறையில் ராகி ரொப்பி வைத்த மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துக் கண்ணை வைத்தாள்... ஏசுவே. தாளின் வட்டம் திருவிழாக் கரகம் மாதிரி ஆடுகிறது. ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி, வட்டத்தை மட்டுமா பெரிதாக்குகிறது, கையை, மூச்சை, நெஞ்சு துடிப்பதை, எல்லாவற்றையும். ஓகோ. இவ்வளவுதானா சங்கதி, சவுரி என்னை எந்நேரமும் ஒன்பதில் வைத்தே பார்க்கிறான், அதனால்தான் நான் அவனுக்கு இப்படி ஆடுகிறேன். ஸ்கோப்பில் பெரிதாக்குகிற வளையத்தைத் திருகி நான்கு மடங்குக்குக் கொண்டு வந்தாள். ஆட்டம் அடங்கிப் போனது மாதிரி இருந்தது, அடங்கவில்லை, சின்னதாகியிருந்தது, போதும், அது போதும். இறுக்கிப் பிடித்தாள். ஆயுசெல்லாம் அம்மாக்களிடம் அதைத்தானே சொன்னாள், புள்ளைய இறுக்கிப் புடி, ஆடாமப் புடி. சுட்டாள். தெருவில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பி ஒகேனக்கல்லில் போய்த்தான் இறங்கியிருக்கும். ஒன்று தாளின் மூலையில், ஒன்று கீழே, ஒன்று தாளிலேயே இல்லை, இன்னும் இறுக்கினாள், தோள் வலிக்க இறுக்கினாள், நான்காவது மூட்டையின் வாய்க்கட்டில் பட்டு மணல் கொட்டியது, ஐந்தாவது எங்கே என்று அந்த மாதாவுக்குத்தான் தெரியும்.

"போதும்மா" என்றான் சவுரி. மெதுவாக. அதட்டியிருந்தால்கூடத் தேவலை. எது போதும்? யாருக்குப் போதும்? பாஞ்சாலிகூட வாயை மூடிக்கொண்டாள், அதுதான் இன்னும் அவமானம், பாஞ்சாலி வாயை மூடி இந்த ஊர் பார்த்ததில்லை. கை முழங்கைவரை விட்டுப் போயிருந்தது, இனி இறுக்க நினைத்தாலும் விரல் கேட்காது, மேசைமேல் உள்ளங்கையை மல்லாத்திப் போட்டாள், கிடந்தது, மீன் மாதிரி துள்ளிக்கொண்டு. இந்தத் துப்பாக்கியும்தான் துள்ளுகிறது, கவனித்தாளே, விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் முன்னால் ஒரு உதை பின்னால் ஒரு உதை, நான் பிடித்தால் அது உதறுகிறது, அது உதறினால் நான் இறுக்குகிறேன், நல்ல குடும்பம்... பிறந்த குழந்தைத் தலையை யாராவது இறுக்குவார்களா? பிரசவ அறையில் எத்தனை தலை இந்த உள்ளங்கையில் வந்து இறங்கியிருக்கிறது, ஒன்றைக்கூட அவள் பிடித்ததில்லையே, விரித்த கையில் வந்து விழவிட்டாள், கனம் தானாக உட்கார்ந்தது, கழுத்து தானாக நின்றது. இறுக்குவதெல்லாம் ஊசிக்கு. ஏந்துவதற்கு இறுக்கக் கூடாது. "பந்தயம் இப்பதான் ஆரம்பம்டா, உக்காரு" என்றாள். "அம்மா, அந்த ஸ்கோப்ப இன்னும் சரி பண்ணலன்னு நீதான சொன்ன, மேல ஒரு குமிழ், பக்கத்துல ஒரு குமிழ், திருகணும்னு." "குண்டு எங்க விழுதுன்னு தெரிஞ்சாதானடா திருக முடியும், மொத அது ஒரு எடத்துல விழட்டும்." டம்ளர் வட்டம் போட்டு ஒரு புதுத் தாள் கொடுத்து ஒட்டச் சொன்னாள், ஒட்டிவிட்டு வந்தான். விரித்த உள்ளங்கையை ராகி மூட்டைமேல் வைத்தாள், அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தினாள், பிடிக்கவில்லை, தோளில் அழுத்தவில்லை, கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்தாள். நடுங்கு ராசா. நீ நடுங்குகிற நடுக்கத்தை நடுங்கு, நான் வழிமறிக்கவில்லை. வட்டம் லேசாக ஆடியது, இங்கே போய் அங்கே வந்து, ஒவ்வொரு முறையும் நடுவைத் தாண்டித்தான் போகிறது, தாண்டாமல் எங்கே போகும், நடுவைத் தொடுகிறபோது அழுத்தினால் போதாதா... அழுத்தினாள். துப்பாக்கி கைமேல் தன்னிஷ்டத்துக்குத் துள்ளி, தன்னிஷ்டத்துக்கு அமர்ந்தது. மடக்கினாள், போட்டாள், கிடத்தினாள், அழுத்தினாள். ஐந்தும் தீர்ந்ததே தெரியவில்லை, இன்னொன்றுக்குக் கை டப்பாவைத் தேடியது.

பாஞ்சாலிதான் முதலில் ஓடினாள், போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ நர்சம்மா, ஒண்ணுகூட உள்ள போவலைங்க" என்றாள், நிஜமாகவே வருத்தப்பட்டாள் துரோகி. சவுரி பின்னாலேயே போனான். லூர்துமேரி அவசரப்படவில்லை, காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்யாணப் பந்திக்குப் போகிற நடை நடந்து சுவரண்டை வந்தாள். பேனா வட்டம் கன்னிகழியாமல் இருந்தது. அதற்கு இடப்பக்கம், நாலு விரற்கடை மேலே, ஐந்து ஓட்டை, ஐந்தா, இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டையாகி, ஒரு கொத்துத் திராட்சை மாதிரி. ஐந்தும் ஒரே இடத்தைப் பார்த்துப் போயிருக்கின்றன! கண்ணாடிக்குத்தான் திசை தெரியவில்லை, அதைக் குமிழ் பார்த்துக்கொள்ளும், கைக்குத் தெரிந்திருக்கிறது. டம்ளரைக் கவிழ்த்து ஐந்தின்மேலும் வைத்தாள். மூடிக்கொண்டது. சுற்றிலும் இடம் வேறு மிச்சம். "இது என்னா பாஞ்சாலி?" "டம்ளருங்க." "அஞ்சும் எங்க இருக்குது?" பாஞ்சாலிக்கு ஒரு நிமிஷம் பிடித்தது, பிறகு சிரித்த சிரிப்பில் மாங்காய் உதிர்ந்திருக்க வேண்டும். "உள்ளாரதானுங்க! டே சவுரி, உங்கம்மா கிரேடுல ஏற மாட்டாங்கடா, காலியாத்தான் எடுத்துட்டுப் போவணும்!" "அது ஏமாத்துங்கக்கா, வட்டம் அங்க இருக்குது" என்றான் அவன். "நான் டம்ளர் வட்டம்னுதான்டா சொன்னேன், எங்க வெக்கணும்னா சொன்னேன்? குடு அந்தத் தாள, ஃப்ரேம் போட்டு முன்வாசல்ல மாட்டப்போறேன், வந்துபோறவங்க பாக்கட்டும் லூர்துமேரி வூடுன்னு."

அவன் தாளைப் பிய்த்தெடுத்தான். கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். தாள் படபடத்தது. காற்று கிளம்பிவிட்டதே, நல்லவேளை, பந்தயம் முடிந்த பிறகு கிளம்பியது என்று நினைத்து அவள் மாமரத்தைப் பார்த்தாள். இலை அசையவில்லை. சலைன் பாட்டில் நூலில் நேராக, கோடு கிழித்த மாதிரி, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி தாளைப் பார்த்தாள். அதன் ஓரம் துடிக்கிறது, சீராக, அவளுக்கு நன்றாகப் பழகிய துடிப்பில்... மேசையிலேயே வைத்துக் குனிந்து குடித்த காபி. அக்குளுக்குள் கட்டியிருந்த கைகள். எந்த வயசுலம்மா ஆரம்பிச்சது. தாத்தாவுக்கும் இருந்துச்சா. அவள் பார்ப்பது தெரிந்ததோ என்னவோ, சவுரி இன்னொரு கையையும் கொடுத்துத் தாளை இறுக்கிப் பிடித்தான், இறுக்க இறுக்க அது இன்னும் ஆடியது. பாஞ்சாலி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். இறுக்காதடா என்ற வார்த்தை லூர்துமேரியின் நாக்குவரை வந்து அங்கேயே நின்றது. நான் ஜெயித்துவிட்டேன், இங்கேதான் இருப்பேன், யாராலும் அசைக்க முடியாது, சரி... ஆனால் இத்தனை கிரேடும் கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் இவன் வந்தது, என் கையைப் பார்த்துப் பயந்தா, தன் கையைப் பார்த்தா...