இடது பக்கம் கொஞ்சம் அதிகம்

நாமக்கல் தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் டிரங்க் கால் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது சென்னியம்மாளுக்கு இருபது வயது. எண்பத்தைந்தில் நாற்பத்தொன்று ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வாடகை வீட்டில் அவள் மட்டும்தான். எருமப்பட்டியிலிருந்து அண்ணன் காளியப்பன் பொங்கலுக்கு வந்து, நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போவார்.

அவளுக்கு நன்றாகப் பாட வரும். பாட்டும் அவளே கட்டுவாள். கூடச் சேர்ந்து பாடத்தான் ஆளில்லை. அதனால் நான்கு பேர் பாடுவதைத் தானே பாடினாள். முதல் குரலை ஒரு டேப் ரிக்கார்டரில் பதிவு செய்வாள். அதை ஓடவிட்டு ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாவது குரலைப் பாடுவாள். இரண்டும் ஒலி கலக்கும் மிக்ஸர் வழியாகச் சேர்ந்து இன்னொரு டேப்பில் பதியும். பிறகு மூன்றாவது, நான்காவது. இரண்டு குரல் இடது பக்கம், இரண்டு வலது பக்கம் என்று மிக்ஸரில் பிரித்து வைப்பாள்.

அந்த மிக்ஸரைச் செய்து கொடுத்தவன் அருணகிரி. சேலத்தைத் தாண்டி கொண்டப்பநாயக்கன்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஹெட்போன் சிங்கப்பூரிலிருந்து வந்தது. உடன் வேலை செய்த ஒருத்தியின் தம்பி கொண்டுவந்தது. காதை முழுக்க மூடிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் பதிவு. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்வை வழிய உட்கார்ந்து பாடுவாள். நான்காவது குரல் முடியப்போகும் நேரத்தில் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடிக்கும். அந்தக் குரலைத் திரும்ப முதலிலிருந்து பாட வேண்டும். ஆறு பாட்டு முடிக்க எட்டு மாதம் ஆயிற்று.

கேசட்டை எடுத்துக்கொண்டு அருணகிரி கடைக்குப் போனாள். அவன் பெரிய ஸ்பீக்கர் இரண்டில் போட்டான். அரைப் பாட்டு கூட ஓடவில்லை, நிறுத்திவிட்டான்.

"ஏனுங்கக்கா, இடது பக்கம் இப்படிக் கத்துது? வலது பக்கம் பாடறவங்க இருக்கறதே தெரியலீங்களே."

"உங்க ஸ்பீக்கரைப் பாருங்க தம்பி. நான் ரெண்டையும் சமமாத்தான் வெச்சேன்."

அவன் வயரை மாற்றிச் சொருகினான். சத்தம் இப்போது வலது ஸ்பீக்கருக்குப் போயிற்று. ஸ்பீக்கரில் கோளாறு இல்லை.

"அப்படின்னா ஹெட்போன்ல இடது பக்கம் செத்திருக்கும்," என்றாள். பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் மாட்டிக்கொண்டு கேட்டான். கழற்றி அவளிடமே நீட்டினான். "நீங்க இதைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கக்கா. இடது வலதுல வரட்டும்."

திருப்பிப் போட்டாள். வலது காதில் இடது பக்கத்து இரண்டு குரல்களும் அறைந்தன. இடது காதில், பக்கத்து வீட்டு ரேடியோ போல என்னவோ கேட்டது. கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஹெட்போன் நல்லாத்தான் இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க," என்றான் அருணகிரி. அவள் முகத்தைப் பார்க்காமல் டீ வாங்கப் போனான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஆபீஸ்ல ஹெட்செட் எந்தக் காதுல போடுவீங்க?"

"இடதுலதாங்க. வலது காதை விட்டு வெச்சாத்தான் பக்கத்துல பேசறது கேக்கும்."

"எத்தனை வருசமா?"

"இருபத்தொண்ணு."

போனது திரும்ப வராது, இருக்கிற காதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

இரண்டு வாரம் எதையும் தொடவில்லை. மூன்றாவது ஞாயிறு ஜன்னலைச் சாத்தினாள். ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கத்தையும் வலது காதாலேயே கேட்டு அளவு வைத்தாள். நால்வரையும் ஒன்றாகக் கேட்க முடியவில்லை. இந்த இருவர், பிறகு அந்த இருவர். ஆறு பாட்டையும் அப்படியே சரிசெய்தாள்.

இந்த முறை அருணகிரி கடைசிவரை கேட்டான்.

"சமமா இருக்குதா?"

"இருக்குதுங்கக்கா."

அவன் சொல்வதை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

"கூடப் பாடினவங்க பேரெல்லாம் சொல்லுங்க, அட்டையில எழுதிக்கறேன்."

"நாந்தான்."

"நாலுமுங்களா?"

"நாலும்."

அவன் பேனாவை வைத்துவிட்டு, கேசட்டைப் பின்னால் ஓட்டி முதல் பாட்டை மறுபடி போட்டான்.

அந்த வாரம் ஆபீசில் ஹெட்செட்டை வலது காதுக்கு மாற்றினாள். லாரி ஆபீஸ்காரர்கள் சொன்ன நம்பர் தெளிவாகக் கேட்டது. பக்கத்து நாற்காலிக்காரிகள் டீக்குக் கூப்பிட்டது கேட்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிடாமலே போனார்கள். அன்று சாயங்காலம் வலது காது இரைந்தது. மறுநாள் பழைய பில்கள் வைக்கும் ரிக்கார்டு அறைக்கு மாற்றச் சொல்லி மனு எழுதினாள்.

சூப்பர்வைசர் தங்கசாமி படித்துவிட்டு நிமிர்ந்தார். "அங்க பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லீங்களே."

"பரவாயில்லீங்க சார்," என்றாள்.

திங்கட்கிழமை அந்த அறைக்குப் போனாள். சுவரோரம் பில் கட்டுகள், நடுவில் ஒரு மேஜை. மத்தியானம் வரை யாரும் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஏழாவது பாட்டின் மூன்றாவது குரலை மெல்லப் பாடிப் பார்த்தாள்.