குவாரி ஓட்டையில் ஊற்றிய சாயம்

நான் மலக்கிக்குத் தர வேண்டியிருந்தது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது யூரோ. என் வீட்டுக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு போட்டபோது அவன்தான் பணம் கட்டினான். மாதம் அறுபது கூலியில் பிடித்துக்கொள்வான். பள்ளியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒன்பது வயதில் வீட்டில் என்னைப் படிப்பை நிறுத்தி, சதுப்பு நிலத்தில் அடுப்புக்கு எரிக்கிற மண்கரி வெட்ட இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் படித்தான், குவாரி வாங்கினான். நான் அங்கே பொக்லைன் ஓட்டுகிறேன்.

அந்தக் குவாரியைக் குப்பைக் கிடங்குக்கு விற்கப்போகிறான் என்று தெரிந்ததும் நாற்சந்தியில் ‘வேண்டாம்’ பலகைகள் முளைத்தன. எங்கள் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணீர் நிலத்தில் நிற்காது, ஓட்டை கண்ட இடத்தில் உள்ளே இறங்கிவிடும். எங்கே வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. குவாரிக்குள்ளும் அப்படி ஒரு ஓட்டை உண்டு. சுற்றி இருக்கிற முப்பது வீட்டுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான்.

ஊர்க் கூட்டத்துக்கு மலக்கியும் வந்தான்.

“அந்தத் தண்ணி நேரா ஆத்துக்குப் போகுது. உங்க கெட்டிலுக்கு வர நூறு வருஷம் ஆகும்.”

“அப்ப நீ வந்து குடிச்சுக் காட்டுவியா மலக்கி?” என்றாள் என் மனைவி டெலியா.

“நான் இப்பவே குவாரிக்குப் பக்கத்துத் தண்ணியிலதான் டீ போடறேன், டெலியா.”

“அதான் புத்தி இப்படிப் போகுது.”

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, முதலாளி பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் போனபிறகு ஊர்க்காரர்கள் காசு போட்டு அழைத்திருந்த ஓர்லா என்ற பெண் எழுந்தாள். நிலத்தடி நீர் படித்தவள். ஒரு கேனை மேசைமேல் வைத்தாள்.

“இது வெறும் சாயம். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. கவுண்டி அலுவலகத்துல, மாவட்ட அதிகாரிங்ககிட்ட சொல்லியாச்சு. குவாரி ஓட்டையில ஊத்தணும். எந்தக் குழாய்ல பச்சையா வருதோ, குப்பைச் சாறும் அங்கதான் வரும். ஆனா அவர் யாரையும் உள்ள விட மாட்டேங்கிறார்.”

கேட் சாவி என்னிடம்தான் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து டெலியாவிடம், “வேலை போயிடும். கடனையும் மொத்தமா கேப்பான்” என்றேன்.

“வேலை போனா வேற வேலை. தண்ணி போனா?”

கவுண்டி கால்பந்து இறுதியாட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மொத்த ஊரும் மைதானத்துக்குப் போயிருந்தது. நான் ஓர்லாவின் கேனோடு போய்க் கேட்டைத் திறந்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில் புல் சரியாக முளைக்காத மண்மேடு ஒன்று இருக்கிறது. அதன் பக்கம் நான் திரும்புவதே இல்லை. அன்றும் திரும்பவில்லை. ஊற்றினேன். பாறை மடமடவென்று குடித்தது.

தினமும் காலையில் டெலியா வெள்ளை பேசினில் தண்ணீர் பிடித்து ஜன்னலோரம் வைப்பாள். எட்டு நாள் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ‘அப்பாடா’ என்று நினைப்பேன், அடுத்த நிமிடமே திரும்பவும் பேசினை எட்டிப் பார்ப்பேன்.

ஒன்பதாம் நாள் காலை மலக்கியின் ஜீப் வாசலில் கிறீச்சிட்டு நின்றது. கையில் ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீர் பச்சை.

“பார்ட்லி! வெளிய வாடா! என் குழாய்ல இது வருது. என் பொண்ணு பாக்காம இதுலதான் குழந்தைக்குப் பால் கலந்து குடுத்திருக்கா. ஆஸ்பத்திரிக்கு ஓடுறா. என்னடா இது, என்ன விஷம்?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

“விஷம் இல்ல. சாயம். ஒண்ணும் ஆகாது. நான்தான் ஊத்தினேன். இறுதியாட்டம் அன்னைக்கு.”

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் மகளுக்குப் போன் போட்டான். “மெதுவா ஓட்டும்மா. வெறும் சாயமாம். டாக்டரும் பாத்துடட்டும்.” பிறகு விரல்விட்டு எண்ணினான்.

“ஓட்டையிலேர்ந்து என் குழாய்க்கு ஒன்பதே நாள்” என்றான். ஜீப்பில் சாய்ந்தான். “பார்ட்லி... அந்தப் பீப்பாய்ங்க.”

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி இரண்டு தடவை வந்து நீலப் பீப்பாய்களை இறக்கிவிட்டுப் போனது. மலக்கி ரொக்கமாக வாங்கினான். மண்ணைத் தள்ளி மூடியது நான். அந்த மேடுதான்.

“மேல என்னமோ எழுதியிருந்துச்சே. நீ கிட்ட நின்னு பாத்தே. என்னடா எழுதியிருந்துச்சு?”

“அப்ப எனக்கு எழுத்துத் தெரியாது, மலக்கி.”

“தெரியும். அதனாலதான் உன்னை அனுப்பினேன்.”

“நீ படிக்கலையா?”

“தெரிஞ்சுக்கப் பிடிக்கல.”

கடந்த மூன்று குளிர்காலமாக நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது கண்ணை மூடிப் பார்க்கிறேன். நீல நிறம் வருகிறது, மண் வருகிறது. ஓர் எழுத்துகூட வரவில்லை.

டெலியா பேசினோடு வெளியே வந்தாள். “நமக்கும் வந்துடுச்சு.”

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பீப்பாய் புதைத்த இருபத்திரண்டு வருடமாக ஊரே குடித்த தண்ணீர்.

“குவாரியை விக்கல” என்றான் மலக்கி. “கவுண்டி அலுவலகத்துக்கு இன்னைக்கே போறேன். பீப்பாய் விஷயத்தையும் சொல்லிடறேன். தோண்டச் சொல்வாங்க. நீ வண்டி ஓட்டுவியா?”

“மேல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு ஓட்டறேன்.”

அவன் சட்டைப்பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தான். என் பெயரிருந்த பக்கத்தைத் திருப்பினான்.

“மொத்தமா கேக்காத, எப்பவும் போல மாசம் அறுபது பிடிச்சுக்கோ” என்றேன்.

“எதுக்கு? இந்தக் கிணத்துக்கா?”

பக்கத்துக்குக் குறுக்கே கோடு அடித்தான். கடன் தீர்ந்தது. டெலியா அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் பேசினைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.