இடது பிளேடில் ஐந்து புள்ளிகள்

மூன்றாவது வாரமாக அதே ஜோடி ஐஸ் சறுக்கு ஸ்கேட், பிளேடுகளுக்குக் கூர் வைக்கும் சாணையக்காவின் மேஜையில் வந்து விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கொண்டுவந்த லிஃப்ட் மெக்கானிக் அதை வைக்கவில்லை, போட்டார்.

"பாருங்க. நல்லாப் பாருங்க."

பார்த்தாள். இடது காலணியின் பிளேடில் மிளகளவில் பழுப்புப் புள்ளிகள். வலது பிளேடு முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. ஸ்கேட்டுக்குச் சொந்தக்காரியான அவருடைய பதின்மூன்று வயது மகள் பின்னால் நின்று, இந்தக் குடும்பத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாணை பிடித்த பிறகு நீங்கள் ஒழுங்காக ஈரம் துடைப்பதில்லை என்றார் மெக்கானிக். இருபது வருஷமாக இரும்போடு குடித்தனம் நடத்துகிறவன் நான், என் கை பட்டு ஒரு திருகாணிகூடத் துருப்பிடித்ததில்லை என்றார். ஐஸ் தள மேலாளரிடம் புகார் எழுதியே கொடுத்துவிட்டதாகவும் சொல்லிவிட்டு, ஸ்கேட்டை அவளிடம் விட்டுவிட்டு மகளோடு போய்விட்டார்.

அவர் போன பத்தாவது நிமிஷம் மேலாளர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. ஆரஞ்சு உரித்தபடியே பேசினார். சனிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு ஸ்கேட்டிங் தேர்வு. அன்றைக்கும் அதே பிளேடில் துரு இருந்தால் திங்கட்கிழமை சாணை இயந்திரம் அறையை விட்டுப் போகும், ஸ்கேட்டுகளெல்லாம் வெளிக்கடைக்குப் போகும். "நீங்க வேணும்னா வாசல்ல டிக்கெட் கிழிக்கலாம்" என்றார். பதினொரு வருஷம் அந்த ஐஸ் தளத்தின் அத்தனை பிளேடுகளுக்கும் கூர் வைத்தவளிடம், சுளையை வாயில் போட்டுக்கொண்டு.

அறைக்குத் திரும்பி, துரு எடுக்கும் ரப்பர் கட்டியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பிளேடின் பக்கவாட்டில் பளபளப்புப் பூச்சு உண்டு, அங்கே துரு அண்டாது. விளிம்பை ஒட்டி அரை விரல் அகலத்துக்கு மட்டும் வெறும் எஃகு. கண்ட நீரும் குடிபுக நினைப்பது அங்கேதான். ஆனால் ஈரத்தால் வரும் துரு விளிம்பு நெடுகப் படரும். இப்படிப் புள்ளி குத்தாது.

ரப்பரைக் கீழே வைத்தாள். வெளிப்பக்கம் வரிசையாக நான்கு புள்ளிகள். புரட்டினாள். உள்பக்கம் ஒன்றே ஒன்று, கொஞ்சம் பெரியது.

லென்ஸை எடுத்தாள். துருவுக்குள் ரேகை ஓடியது.

யாரோ ஒருவருடைய விரல்கள். வாடகை ஸ்கேட் என்றால் ஊரே சந்தேகத்துக்குள் வரும். இது சொந்த ஸ்கேட், இதைத் தொடுகிறவர்கள் மூன்றே பேர். அவளுக்கு முதல் சந்தேகம் தன் மேலேயே வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் விரல்களைப் புள்ளிகளுக்கு நேரே, தொடாமல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. இது இன்னும் பெரிய கை. அப்பாடா என்றிருந்தது. உடனே அந்த அப்பாடாவை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது. துருவைத் தேய்த்து எடுத்தாள். மறுநாள் ஸ்கேட்டை வாங்க வந்த பெண்ணின் கையைப் பார்த்தாள். அது தன் கையை விடச் சின்னது. தினமும் துணியால் துடைத்து, துணி உறை மாட்டித்தான் அப்பாவிடம் கொடுப்பதாகச் சொன்னாள் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் சாணையக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு அப்பா, மகள் இருவர் பின்னாலும் நடந்தாள். நிறுத்தத்தில் மெக்கானிக் துணி உறைகளைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். இரண்டு ஸ்கேட்டையும் மார்போடு சேர்த்து அணைத்தார். வெளிப்பக்கம் இருந்த இடது பிளேடை வலது கையால் இறுக்கமாகப் பொத்தினார், நான்கு விரல் வெளியே, கட்டைவிரல் உள்ளே. பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக அவளும் ஏறினாள். ஒரு கை கம்பியில், ஒரு கை பிளேடில். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகியது. நாலு நிறுத்தம் வரைக்கும் அவளால் பொறுக்க முடிந்தது.

"சார், பை எங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "பையா? நீங்கதானேம்மா சொன்னீங்க, பையில மூடி வைக்காதீங்க, காத்தாடணும்னு?"

"அதுக்குன்னு கையிலயேவா?"

"பின்ன? இவ்வளவு கூட்டத்துல யாரையாவது கிழிச்சிடுச்சுன்னா என்ன பண்றது? அதான் நானே உறை மாதிரி மூடிக்கிட்டு வரேன். வீடு போய்ச் சேர நாப்பது நிமிஷம்."

சொன்னது அவள்தான். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்ற ஒரு மாலை, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னது. 'வீட்டுக்குப் போனதும்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. இதை மேலாளரிடம் கொண்டுபோனால், சொல்லிக்கொடுத்ததே இவள்தானே என்பார் அவர்.

"உங்க கை வேர்வைதான் சார் துரு" என்றாள்.

அவர் சிரித்தார். "இருபது வருஷமா..."

"கையுறை போட்டுத்தானே? அதுக்கு மேல கிரீஸ் வேற."

சிரிப்பு நின்றது. மகள் அப்பாவின் உள்ளங்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "ஐயே, சொதசொதன்னு இருக்குப்பா" என்றாள்.

சாணையக்கா பையிலிருந்து ஒரு பழைய பிளேடுத் துண்டை எடுத்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வெறும் எஃகு, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது. ஆளுக்கொரு கட்டைவிரல் வைப்போம், யார் விரல் துருப்பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றாள். முதலில் தன் விரலை அழுத்தினாள். பிறகு அந்தப் பெண். மெக்கானிக் ஒரு நிமிஷம் தயங்கினார். ஆனால் புதிதாக ஒரு மோட்டாரைக் கண்டவர்போல் கண் சுருங்கியது; அழுத்திவிட்டார். எது யாருடையது என்று பக்கத்தில் பேனாவால் குறித்தாயிற்று.

ஸ்கேட்டை வாங்கிப் பிளேடுகளைத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்து, தன் கைக்குட்டையால் சுற்றிக் கொடுத்தாள். கூடவே அந்த இரும்புத் துண்டையும். "ஜன்னல்ல வைங்க. காலைல கொண்டு வாங்க."

இறங்கி எதிர்த்திசை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை, புகார் எழுதிக் கொடுத்தவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு தடவை துடைத்தால் போதும்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் அவள் மேஜைப் பக்கமே திரும்பாமல் நேராக மேலாளர் அறைக்குள் போனார். சாணையக்கா ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினாள். தேர்வு உடையில் ஓடிவந்த பெண் வாய் திறந்த துணிப்பையிலிருந்து ஸ்கேட்டை எடுத்து நீட்டினாள். இரண்டு பிளேடும் சுத்தம்.

"அக்கா, உங்களதும் என்னதும் ஒண்ணுமே ஆகல. அப்பாவோடது மட்டும் அப்படியே ரேகை ரேகையா வந்திருக்கு. காலைலேர்ந்து பாக்கறவங்ககிட்டயெல்லாம் காட்டிட்டிருக்காரு. கண்டக்டரைக்கூட விடல. மானம் போச்சு."

கண்ணாடிக்கு அப்பால் சத்தமே இல்லாமல் ஒரு நாடகம் நடந்தது. மெக்கானிக் இரும்புத் துண்டை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். தன் உள்ளங்கையை விரித்தார். சாணை அறைப் பக்கம் கையைக் காட்டி, அங்கே தப்பில்லை என்பதுபோல் தலையசைத்து, எதையோ மார்போடு அணைப்பதுபோல் செய்து காட்டினார். மேலாளர் புகார்க் காகிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தார், படித்தார், கிழிக்கவும் இல்லை, திருப்பி வைக்கவும் இல்லை. அதன் மேலேயே அந்தத் துண்டை வாங்கி வைத்துக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

பிறகு மெக்கானிக் துண்டின் மறுபக்கத்தைச் சட்டை நுனியால் துடைத்து நீட்டினார். மேலாளர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாராவது கவனிக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். பார்த்துவிட்டு, மெல்ல, இரும்பின் மேல் வைத்து அழுத்தினார்.